மலைநாட்டுக் காட்சிகள்

சித்திரை பிறந்ததும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளோர் வெயிலுக்கு ஆற்றாது மலைநாட்டை நோக்கிப் புறப்படுகின்றனர். நுவரெலியா வீதியில் மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கின்றன. அவ்வாறு செல்வோர் பெரும்பாலும் ஓர் அருவியையும் ஓர் ஏரியையும் ஒரு பூந்தோட்டத்தையும் கண்டு, தேயிலைச் செடிகளினிடையே நின்று படம் பிடித்துக்கொண்டு, மூடுபனி இறங்குமுன் வந்த வழியே திரும்பிவிடுகின்றனர். வீடு சேர்ந்ததும் அயலவர்க்கு இயற்கையன்னையின் எழிலை வியந்து கூறுகின்றனர்.

வியப்பு நியாயமானதே. ஆயினும் அதனை முழுவதும் இயற்கையின் கணக்கில் எழுதிவிடுதல் பொருந்துமா என்பது வினா. இன்று பச்சைக் கம்பளம் எனப் புகழப்படும் மலைச்சரிவுகள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வெயில் புகாத பெருங்காடாயிருந்தன. நுவரெலியாவின் ஏரி வெட்டி ஆக்கப்பட்டது. மஸ்கெலியாவின் நீர்ப்பரப்பு அணையாற் பிறந்தது. புகழ்பெற்ற ஓர் அருவிக்கு இந்நாளில் மனிதர் நேரம் குறித்தே நீர் விடுகின்றனர். மலைநாட்டின் காட்சிகளுட் பல இவ்வாறு கைகளாற் செய்யப்பட்டவை. எவர் செய்தனர், எதற்காகச் செய்தனர் என்பதை அறிந்து செல்லும் பயணி, மற்றையோர் காணும் அதே இடத்தில் அவர்கள் காணாதவற்றையும் காண்பான். அவ்வாறு காண விரும்புவோர்க்குக் கொழும்பிலிருந்து பதுளை வரை செல்லும் புகையிரதப் பாதையைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

இப்பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளமுடையது. கண்டியை 1867ஆம் ஆண்டிலும், நாவலப்பிட்டியை 1874ஆம் ஆண்டிலும், நானுஓயாவை 1885ஆம் ஆண்டிலும், பண்டாரவளையை 1894ஆம் ஆண்டிலும் அடைந்து, பதுளைக்கு 1924ஆம் ஆண்டிலேயே வந்து சேர்ந்தது. இவ்வாண்டுகளில் ஒரு விந்தை உண்டு. பாதையை இடவேண்டும் என்று ஆங்கிலத் துரைமார் வற்புறுத்தியது கோப்பிக்காக. மாட்டு வண்டிகளில் வாரக்கணக்காக இறங்கிவந்த கோப்பி மூடைகளை விரைவாகத் துறைமுகம் சேர்ப்பதே நோக்கம். ஆனால் 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. செம்மஞ்சட் புள்ளியாகத் தொடங்கிய அந்நோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் தோட்டம் தோட்டமாகத் தின்று தீர்த்தது. நானுஓயாவுக்கு வண்டி ஏறியபோது கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது; ஏற்றிச்செல்லப் புதிதாக வந்த பொருள் தேயிலை. லூல்கந்துரத் தோட்டத்தில் யேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் நட்டது அதன் தொடக்கம்.

நாவலப்பிட்டியைக் கடந்தபின்னரே உண்மையான ஏற்றம் தொடங்குகின்றது. நாற்பத்துநான்கு அடி ஓடினால் ஓரடி உயரும் வகையில் மலையைச் சுற்றிச் சுற்றி இப்பாதை வகுக்கப்பட்டிருக்கின்றது. சமவெளியில் ஓடும் அதே அகலப் பாதையை இவ்வுயரத்துக்கு வளைத்தெடுத்தது எளிய செயலன்று. வண்டியின் சாளரத்தில் வெளியே நோக்குவோர் முன்னே இழுக்கும் எஞ்சினையும் பின்னே தொடரும் கடைசிப் பெட்டியையும் ஒரே வேளையிற் காணலாம். வட்டவளையில் மழை பெய்யாத நாள் அரிது. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம் அது. அட்டன் நிலையத்தைத் தாண்டியதும் அரைக் கிலோமீற்றருக்குச் சற்று நீண்ட சிங்கமலைச் சுரங்கம் வரும். பிள்ளைகள் கூச்சலிடுவர், பெரியோர் சாளரங்களை மூடுவர். மறுமுனையில் வெளிச்சத்துக்கு வரும்போது, கண்ணுக்கெட்டிய வரை தேயிலை.

அத்தேயிலையைச் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும். தூரத்தில் ஒரே பரப்பாகத் தோன்றுவது அண்மையில் வரிசை வரிசையாகப் பிரிகின்றது. வரிசைகளுக்கிடையே மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி கான்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. செங்குத்தான இடங்களில் கல்லடுக்கிய கட்டுகள் மண்ணைத் தாங்கி நிற்கின்றன. செடியைத் தன்போக்கில் விட்டால் அது மரமாக உயர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டியும், வாரந்தோறும் கொழுந்தெடுத்தும் இடுப்பளவில் நிறுத்திவைத்தமையாலேயே அப்பரப்பு கம்பளம் போலத் தோன்றுகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவ்வேலையைச் செய்து வருவோர், தமிழ்நாட்டின் திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய முன்னோர் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபகுதிக் காடுகளை ஊடறுத்து, மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். இருநூறு ஆண்டு நிறைவை நினைந்து, 2023ஆம் ஆண்டில் அவர்களது சந்ததியார் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே திசையில் நடந்து வந்தனர்.

வழியிற் காணும் தோட்டங்களின் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. துரைமார் தம் நாட்டு ஊர்ப்பெயர்களையும் குடிப்பெயர்களையும் தோட்டத்துக்கு வைத்தனர். அப்பெயர்கள் நாவில் வராத தொழிலாளர் தமக்கென வேறு பெயர் வைத்தனர். முதலில் ஆள் கொண்டுவந்த பெரிய கங்காணியின் பெயரோ, கோயிலின் பெயரோ, அங்கு நின்ற பாறையின் பெயரோ தோட்டத்துக்கு வழங்கலாயிற்று. ஆதலின் ஒரே தோட்டத்துக்குப் பலகையில் ஒரு பெயரும் வாய்மொழியில் மற்றொரு பெயருமாக இருக்கும். வழி கேட்போர் பலகையை மட்டும் நம்பினால் அலைய நேரிடும். இம்மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை, வட்டகொடைக்கு அயலிலுள்ள மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். ஆண்டொன்று கழிந்து 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவரை அனுப்பிய மக்களே வாக்குரிமை இழந்தனர்.

சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 1964ஆம் ஆண்டிற் கைச்சாத்தானபின், இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டோர் ஏறிச்சென்றதும் இப்புகையிரதமே. சுற்றுலாவுக்கு வருவோர் கைகாட்டிச் சிரிக்கும் இந்நிலையங்களில், தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியைப் பிடிக்கப் பெட்டியும் படுக்கையுமாக நின்றோர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதனர். தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மற்றொரு நாட்டுக்கும் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. எஞ்சியோருக்கு முழுமையான பிரசாவுரிமை கிட்டியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே.

கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம்பிடிப்பது பற்றி இங்கே ஒரு சொல். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து நிறுத்துக் கொடுத்தாலே முழுநாட் பெயர் விழும். வேலை நடுவே அவர்களை நிறுத்திக் கூடையைத் திருப்பு, சிரி என்று ஏவுவது, அவர்களுடைய நிறையைக் குறைப்பதாகும். கேட்டுவிட்டு எடுப்போர்க்கு மறுப்புச் சொல்வோர் குறைவு. லயத்துக் காம்பராவின் வாயிலில் நின்று உள்ளே கமெராவை நீட்டுவோரும் உண்டு. தம் வீட்டு வாயிலில் பிறர் அவ்வாறு நின்றால் என்ன செய்வர் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை போலும்.

அட்டனில் இறங்கி பஸ் வண்டியில் டிக்கோயா வழியாகச் செல்வோர்க்குக் காசல்ரீ நீர்த்தேக்கமும், அதற்கப்பால் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் கண்கொள்ளாக் காட்சி. மலைமுகடுகள் நீரில் தலைகீழாகத் தோன்றும் காலைவேளையில் அவற்றை இயற்கை ஏரி என்று நினைப்பவர்களே மிகுதி. களனி கங்கைக்குத் தலைநீர் ஆகிய கெகல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் மறித்து, 1960களில் இவை கட்டப்பட்டன. இவ்வாற்றுநீரால் மின்சாரம் பெறலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். லக்சபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950ஆம் ஆண்டில். அவரது கூற்றுக்குச் செவிசாய்க்க நாட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

மவுசாக்கலையின் நீருக்கடியில் ஓர் ஊர் கிடக்கின்றது. அதுவே பழைய மஸ்கெலியா. கடைவீதியும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் கொண்டிருந்த அந்நகரத்தை மேட்டுக்கு மாற்றிவிட்டு அணையை மூடினர். நெடுநாள் மழை பொய்த்து நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பழைய கோயிலின் கற்றூண்களும் சுவர்களும் சேற்றிலிருந்து எழுகின்றன. அப்போது அயலூரார் கூட்டமாக இறங்கிச் சென்று, இன்ன இடத்தில் இன்னாருடைய கடை இருந்தது என்று முதியோர் சொல்ல இளையோர் கேட்கின்றனர். பூவும் கர்ப்பூரமும் கொண்டுசெல்வாரும் உளர். மலைநாட்டில் இதற்கு நிகரான காட்சி வேறில்லை எனலாம். ஆயினும் எந்தக் கைந்நூலிலும் இதற்கு நேரங் குறிக்க இயலாது. இவ்வணைகளால் எழுந்த மின்சாரம் கொழும்பின் வீதிகளை ஒளிரச் செய்த பின்னரும், அணைக்கரையின் லயங்களிற் குப்பி விளக்கு நெடுங்காலம் எரிந்தது என்பதையும் இங்கே சொல்லாது விடுதல் முறையன்று.

நீர்த்தேக்கத்தின் கரையோடு செல்லும் வீதி நல்லதண்ணியில் முடிகின்றது. ஊரின் பெயரே தமிழ். சிவனொளிபாதமலைக்கு ஏறுவோர் இங்கிருந்து நடக்கத் தொடங்குவர். மலையின் உயரம் 2,243 மீற்றர். படிகள் 5,000க்கு மேல். உச்சியிலுள்ள அடிச்சுவட்டைப் புத்தபிரானுடையது என்று பௌத்தரும், சிவபெருமானுடையது என்று சைவரும், ஆதாமுடையது என்று இஸ்லாமியரும் கிறித்தவருட் சிலரும் போற்றுகின்றனர். மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பத்தூத்தா 1344ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்து ஏறிச்சென்றமையைத் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரை ஏறும் காலம். நள்ளிரவில் அடிவாரத்தில் நின்று பார்த்தால், விளக்குகளின் வரிசை வானத்துக்கே ஏறிச்செல்வது போலிருக்கும். உச்சியில் ஒரு மணி தொங்குகின்றது. எத்தனைமுறை ஏறினோமோ அத்தனைமுறை அதனை அடிப்பது வழக்கம். ஒரேயொரு முறை அடித்துவிட்டு நாணத்துடன் ஒதுங்கும் இளைஞரையும், இருபது முப்பது முறை அடிக்கும் முதிய தோட்டத் தொழிலாளரையும் ஒரே காலையிற் காணலாம்.

பலரும் கதிரவன் எழும் கீழ்த்திசையையே நோக்கி நிற்பர். அறிந்தவர் கதிர் எழுந்த மறுகணமே மேற்புறம் திரும்பிவிடுவர். மலையின் நிழல் கூர்ங்கோபுரம் போல மேற்கிலுள்ள பனிப்படலத்தின்மீது விழுந்து, சில நிமிடங்களில் அடிவாரத்தை நோக்கிச் சுருங்கி மறையும். மலையின் வடிவம் எவ்வாறிருப்பினும் தொலைவிற் குவியும் நிழல் முக்கோணமாகவே தோன்றும் என்பர் பௌதிகம் கற்றோர்.

மீண்டும் அட்டனுக்கு வந்து பாதையைத் தொடர்ந்தால் கொட்டகலை, தலவாக்கலை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வீதியிலிருந்து டெவன் நீர்வீழ்ச்சியையும், சற்று அப்பால் சென். கிளயர் நீர்வீழ்ச்சியையும் காணலாம். முன்னது 97 மீற்றர் உயரமான மெல்லிய வெள்ளிக்கோடு. பின்னது 80 மீற்றர் உயரத்திலிருந்து படிப்படியாக அகன்று விழுவது. இலங்கையின் சிறிய நயாகரா என்று அதற்கு ஒரு பட்டப்பெயருமுண்டு. நயாகராவோடு ஒப்பிடாமலே அது அழகானது; அப்பெயரைச் சூட்டியோர் அதற்கு நன்மை செய்யவில்லை.

கொத்மலை ஓயாவின் நீரே சென். கிளயரில் விழுவது. மேல் கொத்மலை மின்திட்டத்துக்காகத் தலவாக்கலையில் ஓர் அணை கட்டி, ஆற்றுநீரை ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தில் திருப்பும் ஏற்பாடு வெளிவந்ததும் மலைநாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அருவிகள் வற்றிவிடும் என்றும், தோட்ட மக்கள் இடம்பெயர நேரும் என்றும் பேசினர். திட்டம் பல்லாண்டு தடைப்பட்டு, இறுதியில் 2012ஆம் ஆண்டில் 150 மெகாவற் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. சென். கிளயருக்குப் பகற்பொழுதில் குறித்த மணிநேரம் நீர் விடுதல் வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு கூறு. எனவே முன்பு கருக்கலிலும் நிலவிலும் முழங்கிய அருவி, இப்போது அலுவலகம்போற் காலையில் தொடங்கி மாலையில் ஓய்கின்றது. மின்சாரமும் வேண்டும், அருவியும் வேண்டும். எது பெரிதென்று தீர்ப்புக் கூறும் உரிமை எவர்க்கு என்பதுதான் அந்நாளிலிருந்தே தீராத வழக்கு. சுரங்கத்துக்கு மேலுள்ள சில ஊர்களில் ஊற்று குறைந்ததாகவும் சுவர் பிளந்ததாகவும் முறையிட்டோர் அருவி பார்க்க வந்தவர்களல்லர், அங்கேயே வாழ்ந்தோர்.

நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா. அந்நகரைப்பற்றி வேண்டிய அளவு எழுதியும் பேசியும் ஆயிற்று. கிறகரி தேசாதிபதியின் காலத்தில் 1873ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட ஏரியும், குதிரைப் பந்தயமும், ஆங்கில முறை வீடுகளும் சித்திரைக் கூட்டத்துக்குப் போதுமானவை. அமைதி நாடுவோர் மாசி மாதத்திற் செல்வாராக. ஹக்கலைப் பூந்தோட்டத்தை மட்டும் அவசரமின்றிப் பார்த்தல் நன்று. 1861ஆம் ஆண்டில் அது பூவுக்காகத் தொடங்கப்பட்டதன்று. மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா கிடைக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காகவே தொடங்கப்பட்டது. கோப்பி அழிந்தபோது தோட்டக்காரர் பலர் முதலில் ஓடிப் பற்றியது அம்மரத்தையே. போகும் வழியில் சீதாஎலிய அம்மன் கோயில். அசோகவனம் இதுவே என்று அடியார் கூறுவர். ஆற்றோரக் கற்குழிகளை அனுமனின் அடிச்சுவடு என்று காட்டுவர்.

நானுஓயாவுக்கப்பால் வண்டி இன்னும் ஏறுகின்றது. பட்டிப்பொலை நிலையம் ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ளது. இலங்கைப் புகையிரத நிலையங்களுள் இதுவே மிக உயர்ந்தது. இங்கிருந்தோ அடுத்த நிலையமாகிய ஒஹியாவிலிருந்தோ ஹோட்டன் சமவெளிக்கு வழியுண்டு. மனிதன் ஆக்கிய காட்சிகளைக் கடந்துவந்த பயணி, மனிதன் ஆக்காததைக் காணும் இடம் இதுவே. காற்றில் அலையும் புல்வெளி. அதன் ஓரங்களிற் பாசி போர்த்த குறுமரக் காடு. காலையில் மேயும் மரைகள். இம்மரங்கள் மழையை மட்டும் நம்பி வாழ்வனவல்ல. கடந்துசெல்லும் மூடுபனியை இலையாலும் பாசியாலும் வடித்துத் துளித்துளியாக மண்ணுக்கு இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் இங்கே தலைநீர் ஊறுகின்றது. சென். கிளயரில் விழும் நீரிலும், சுரங்கத்தில் ஓடி மின்சாரமாகும் நீரிலும் ஒரு பகுதி இப்பாசியில் வடிந்த பனியே.

சமவெளி 1988ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் சிவனொளிபாத வனத்தோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுகின்றனர். சிலர் முணுமுணுக்கின்றனர், மரையின் வயிற்றில் பொலித்தீன் பை சென்றால் என்னாகும் என்று தெரிந்தால் முணுமுணுக்கமாட்டார். உலகமுடிவு என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பையும் பேக்கர் அருவியையும் சுற்றிவரும் நடைபாதை 9 கிலோமீற்றர் அளவு. 800 மீற்றருக்கும் ஆழமான அப்பள்ளத்தின் அடியில் ஊர்களும் வயல்களும் விளையாட்டுப் பொருள்போற் கிடக்கும். காலை ஒன்பது பத்து மணிக்குள் பனி ஏறிவந்து எல்லாவற்றையும் வெண்திரையால் மூடிவிடுமாதலின், விடியுமுன் வாயிலில் நிற்றல் வேண்டும். பிந்திச் சென்று வெண்மையை மட்டும் கண்டு திரும்புவோர் நாள்தோறும் உளர்.

பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்குமிடையே உச்சி. அதன் பின்னர் பாதை ஊவாவுக்குள் இறங்குகின்றது; வானிலையும் மாறிவிடுகின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று மஸ்கெலியாவையும் வட்டவளையையும் நனைக்கும்போது, அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவுக்கு வறண்டு வருகின்றது. கீழ்க்கரையில் மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் காற்று இதுவே. ஆடி ஆவணியில் அக்காற்றுப்பட்ட ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் உண்டு; வியாபாரிகள் அதற்காகக் காத்திருப்பர். மேற்குச் சரிவில் நல்ல தேயிலை கிடைக்கும் காலம் தை முதல் பங்குனி வரை. உல்லாசப் பயணிக்கும் அதே கணக்குத்தான்: தை மாசியில் அட்டன் பக்கம், ஆடி ஆவணியில் பண்டாரவளைப் பக்கம். இதனை அறியாது ஆடியில் மஸ்கெலியாவுக்குச் சென்று, ஒரு கிழமை குடையின்கீழ் நின்றுவிட்டு வருவோர் அட்டைக்கடியைத் தவிர வேறொன்றையும் நினைவிற் கொண்டுவருவதில்லை.

இதல்கசின்ன நிலையத்தில் வண்டியின் இருபுறமும் பள்ளம். ஒருபக்கம் ஊவாவின் மலைகள்; மறுபக்கம் தெற்கே கடல்வரை நீளும் சமநிலம். அப்புத்தளையும் அத்தகைய மலைமுதுகில் அமைந்த ஊரே. அங்கிருந்து தம்பதென்னைத் தொழிற்சாலைக்குச் சென்று, தோட்டத்து வீதியில் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் ஏறினால் லிப்டன் இருக்கை வரும். 1890ஆம் ஆண்டில் இத்தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், அங்கே அமர்ந்து தம் உடைமையைப் பார்ப்பாராம். வாடகை வண்டியில் ஏறுவோர் பலர். நடந்து ஏறினால் லயம், பிள்ளைமடுவம், பாடசாலை, சிறிய அம்மன் கோயில் யாவும் வழியில் வரும். வீதியோரத்தில் ரொட்டியும் சம்பலும் தேநீரும் கிடைக்கும்.

அப்புத்தளையிலிருந்து தென்கிழக்கே இறங்கும் வீதியில், 220 மீற்றர் உயரமுள்ள தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் கொஸ்லந்தையைக் கடந்து செல்கின்றனர். அதன் அயலிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயவரிசைகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தனர். மாற்று நிலமும் வீடும் இல்லாதோர் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு எங்கே செல்வர்? 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொண்டுவந்த பெருமழையில் மலைநாட்டின் பல மாவட்டங்களில் இதே துயரம் மீண்டது. உயிர்கள் மாண்டன, வீதிகள் அறுந்தன, இப்புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. ஆகவே புறப்படுவோர் எந்நிலையம் வரை வண்டி செல்கின்றது என்பதையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பிரிவுக்கு எச்சரிக்கை விடுத்துள்ளது என்பதையும் முதலில் விசாரித்தறிதல் வேண்டும். தங்குமிடத்துக்கு மேலுள்ள சரிவில் புதிய வெடிப்போ, சாய்ந்த மரமோ, திடீரெனக் கலங்கி ஓடும் ஊற்றோ காணப்படின், பணம் கட்டியாயிற்றே என்று இரவு அங்கே தங்கலாகாது.

எல்லவுக்கு அண்மையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் இந்நாளில் உலகப் புகழ் பெற்றுவிட்டது. கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் 1921ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட இதில் உருக்குச் சட்டங்கள் இல்லை. நீளம் ஏறக்குறைய 90 மீற்றர். நூறாண்டு மழையையும் வண்டியின் பாரத்தையும் தாங்கி நிற்கும் அவ்வேலைப்பாடு பார்க்கத்தக்கதே. ஆனால் அதனைப் பார்ப்பதற்குப் பாலத்தின்மேல் ஏறி நிற்கவேண்டியதில்லை. எதிர்ச்சரிவிலிருந்தே வளைவுகள் யாவும் தெரியும். ஓடும் வண்டியின் வாயிலில் வெளியே தொங்கிப் படமெடுக்கும் வழக்கம் ஒன்று அண்மைக் காலத்திற் பரவியிருக்கின்றது. பாறையிலும் மரத்திலும் மோதுண்டு உயிர் நீத்தோர் உளர்.

அடுத்து வருவது தெமோதரை. நிலையம் மலையின் மேல். பாதை செல்லவேண்டிய இடமோ அதற்கு நேர் கீழே. நேராக இறக்கினால் வண்டி நில்லாது. ஆகவே பாதையை மலையைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக விட்டு, மீண்டும் கொண்டுவந்து, நிலையத்தின் அடியிலேயே குடைந்த சுரங்கத்துக்குட் புகுத்தியிருக்கின்றனர். வண்டி புறப்பட்டுச் சென்றபின் மேடையில் நிற்போர், சிறிது நேரத்தில் அதே வண்டி தம் காலடியிற் செல்லும் ஓசையைக் கேட்கலாம்.

அங்கிருந்து பதுளை தொலைவில்லை. 64 மீற்றர் உயரமுள்ள துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியைக் காண விரும்புவோர் நகரில் இரவு தங்கிக் காலையிற் புறப்படுவது ஏற்றது. வீதியிலிருந்து அருவி வரை அடிவழியாகவே நடத்தல் வேண்டும். மழை பெய்த மறுநாள் அருவியில் நீர் மிகுதி. வழியில் வழுக்கலும் மிகுதி.